வாயுக்களில் இராமன் விளைவு

அளவெட்டி தவிலுக்கும் நாதசுரத்துக்கும் பேர்பெற்ற ஊர். தவிலைத் தட்டிவிட்டால் நாதம் சற்று நின்று ஒலிக்கும். தோலிலே கைவைத்தால் உடனே மடியும். குறுகி மடியும் நாதத்திற் சுருதி தெளிவாகாது. வாயுக்களின் இராமன் நிறமாலையை விளங்கிக்கொள்ள இவ்வனுபவமே நல்ல வாயிலாகும். மிருதங்க நாதத்தை ஆராய்ந்தவரும் சேர் சி. வி. இராமனே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1921இற் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார், 1928 பெப்ருவரி 28இல் தம் விளைவைக் கண்டார் என மாணவர்க்குச் சொல்லி முடிப்பது ஆசிரியராகிய எம் வழக்கம். இடைப்பட்ட ஏழாண்டு உழைப்பும் கே. எஸ். கிருஷ்ணனின் பங்கும் இதனால் மறைந்துவிடுகின்றன. கல்கத்தாவிலே, சூரிய ஒளியைக் குவித்து, மங்கிய சிதறலைக் கண்ணால் நோக்கி நோக்கிக் குறித்தவர் கிருஷ்ணன். இருவர் பெயராலும் 1928 மார்ச்சு 31இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த கடிதம், ஏறத்தாழ அறுபது திரவங்களில் விளைவு புலப்பட்டதைக் கூறிற்று. ஆவிகளில் அது மிக நலிந்தது. எனினும் ஈதர் போன்றவற்றின் அடர்ந்த ஆவியிற் காணலாம் என்றும் அது உரைத்தது.

1929இல் இத்தாலியரான இரசெற்றி நைதரசன், ஒட்சிசன் ஆகிய வாயுக்களின் சுழற்சிக் கோடுகளைப் பதிவுசெய்தார். ஐதான வாயுவில் மூலக்கூறு பெரும்பாலும் தடையின்றிச் சுழல்வதாற் கோடுகள் கூரியன. அமுக்கம் ஏற மோதுகைகள் மிகும்; சுழற்சி இடையறும்; கோடு அகலும். தோலில் வைத்த கை போன்றது மோதுகை. அகலம் அமுக்கத்துக்கு விகிதசமம் என்பதே எளிய கணிப்பு.

ஆனால் இயற்கை அவ்வளவில் நிற்கவில்லை. மூலக்கூறின் அகநிலையைக் குலைக்காது வேகத்தை மாத்திரம் மாற்றும் மோதுகைகள், மூலக்கூறின் ஓட்டத்தாற் பரந்த கோட்டைக் குறுக்கவும் கூடும் என 1953இல் டிக்கே காட்டினார். தனி ஆகன் அணுவுக்குச் சுழற்சியும் அதிர்வும் இல்லை. ஆயினும் இரண்டு அணுக்கள் மோதுங் கணத்திற் புதிய சிதறல் பிறப்பதை 1968இல் மக்ரேக்கும் பேண்பாமும் கண்டனர். அழிப்பது மாத்திரமன்று, எழுதுவதும் மோதுகையே.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. சுவாலையின் வெப்பநிலையை அதனைத் தொடாமலே இராமன் கோடுகளாற் கணிக்கின்றனர். மோதுகையைப் பிழையாகக் கணித்தால் வெப்பநிலையும் பிழைக்கும். தெளிவைக் கெடுப்பதென நாம் ஒதுக்குவதே சிலவேளை புதிய அறிவின் வாயிலாகிறது. கிருஷ்ணன் பெயரையும் இவ்வுண்மையையும் ஒருங்கே மாணவர்க்கு உரைத்தல் எம் கடனாகும்.