அறுகம் குடா: அலைநிலையும் முன்கணிப்பும்

அறுகம் குடா இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டம் பொத்துவில் பிரதேசத்தில் அமைந்த சிறிய குடா. அதைச் சார்ந்த சிற்றூரை உள்ளூரார் உல்லை என்கிறார்கள். தென்னாசியாவில் அலைச்சறுக்கு வீரர்கள் அதிகம் நாடிவரும் களங்களில் இது ஒன்று. ஏப்ரல் இறுதியில் தொடங்கி அக்டோபர் வரை இங்குள்ள கடல்முனைகளில் நீண்ட, சீரான அலைகள் வலப்புறமாக உடைந்து செல்கின்றன. இந்த அலையின் உயரத்தைத் தென் இந்தியப் பெருங்கடலின் புயல்கள் முடிவு செய்கின்றன. அதன் தரம் பெரிதும் கண்டி முதல் ஊவா வரை எழுந்து நிற்கும் மத்திய மலைநாட்டைச் சார்ந்தது. கடலே தெரியாத கண்டியில் இருப்பவரும் தம் ஊர் வானத்தைப் பார்த்துக் கிழக்குக் கடலின் போக்கை ஓரளவு உணரலாம்.

அமைவிடம்

குடா கிழக்கும் தென்கிழக்கும் நோக்கித் திறந்திருக்கிறது. அதன் தென்முனையில் பாறைகள் நிறைந்த ஒரு நிலமுனை கடலுக்குள் நீள்கிறது. வடக்கே அறுகம் களப்பும், அதற்கு அப்பால் பொத்துவில் நகரும் உள்ளன. களப்பின் குறுக்கே அமைந்த பாலமே ஊரைப் பொத்துவிலோடு இணைக்கிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை வழியாகப் பொத்துவிலை அடைந்து மட்டக்களப்பு வரை செல்லும் ஏ4 வீதி இப்பகுதியின் முதன்மைச் சாலை. கண்டியிலிருந்து வருவோர் பதினெட்டு வளைவு இறங்கி மகியங்கனை, பிபிலை, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலை அடையலாம். தூரம் 200 கிலோமீட்டருக்கு மேல்.

அலை பிறக்கும் இடம்

இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து நேர்தெற்கே போனால் அண்டார்டிக்கா வரை நிலமே குறுக்கிடாது. தென் அகலாங்கு 40 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் ஆண்டு முழுவதும் மேற்கிலிருந்து கடுங்காற்று வீசுகிறது. யூன் முதல் ஓகஸ்ட் வரை தெற்கு அரைக்கோளத்தில் குளிர்காலம். அப்போது அங்குப் புயல்கள் வலுத்து, கடல்மேல் பரந்த பரப்பில் பல மணி நேரம் ஓயாமல் காற்றை ஓட்டுகின்றன. அந்தக் காற்று கொடுத்த ஆற்றலே சுவெல் எனப்படும் நெட்டலையாகி வடக்கு நோக்கிப் புறப்படுகிறது.

ஆழ்கடலில் அலைக்கூட்டத்தின் வேகம், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பொறுத்தது. இதனை அலை இடைவெளி என்பர். 15 விநாடி இடைவெளி கொண்ட அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் நகரும். தென் 45 பாகையில் பிறந்த அலை பொத்துவிலுக்கு வர சுமார் 5,800 கிலோமீட்டர் கடக்க வேண்டும். அதற்கு ஐந்தரை முதல் ஆறு நாள் ஆகும். 18 விநாடி அலைகள் இன்னும் வேகமானவை என்பதால் ஐந்து நாளுக்குள் வந்துவிடும். எனவே ஒரு புயலின் முன்னோடி அலைகள் நீண்ட இடைவெளியோடும் குறைந்த உயரத்தோடும் முதலில் கரை சேரும். அதன்பின் உயரம் ஏறும், இடைவெளி படிப்படியாகக் குறையும். முன்கணிப்பில் இடைவெளி திடீரென 17, 18 விநாடிக்கு ஏறினால் புதிய சுவெல் தொடங்குகிறது என்று கொள்ளலாம்.

இலங்கையைச் சூழ்ந்த கண்டத்திட்டு குறுகியது. அதனால் நெட்டலைகள் ஆழமற்ற கடலில் நெடுந்தூரம் உரசி ஆற்றல் இழக்காமலே கரையை நெருங்குகின்றன. தெற்கிலிருந்து வரும் அலை அறுகம் குடாவின் தென்முனையைச் சுற்றி வளையும்போது உயரத்தில் கொஞ்சம் இழக்கும், ஒழுங்கில் நிறையப் பெறும். ஒரே முகடாக நேர்கரையில் மோதி உடையாமல், முனையில் தொடங்கிக் குடாவின் உட்புறம் நோக்கி வரிசையாக உடைந்துகொண்டே வரும். நல்ல நாளில் ஒரே அலையில் சில நூறு மீட்டர் சவாரி செய்ய முடிவது இதனால்தான்.

காற்றும் மத்திய மலைநாடும்

அலை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், கடலிலிருந்து கரை நோக்கி வீசும் காற்று அதன் முகத்தைக் கலைத்துவிடும். தரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று முகட்டைத் தாங்கிப் பிடித்து, அலை சரியும் நேரத்தைத் தள்ளிப்போடும். அலைச்சறுக்கு வீரர்கள் காத்திருப்பது இந்தத் தரைக்காற்றுக்காகவே.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தீவைக் கடக்கிறது. அது மேற்குச் சரிவுகளில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டுகிறது. ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும் வட்டவளை இந்தச் சரிவில்தான் இருக்கிறது. பிதுருதலாகலை 2,524 மீட்டர் உயரம் கொண்டது. அது நிற்கும் மலைநாட்டையும் கண்டிக்குக் கிழக்கே நக்கிள்ஸ் தொடரையும் தாண்டி இறங்கும் காற்று, ஈரத்தை இழந்து அமுக்கத்தால் சூடேறி, வறண்ட மேல்காற்றாகக் கிழக்குச் சமவெளிக்கு வருகிறது. மட்டக்களப்பு, அம்பாறை மக்கள் இதனைக் கச்சான் காற்று என்பர். யூன், யூலை மாதங்களில் இது கடற்காற்றையே அடக்கி, மட்டக்களப்பில் வெப்பநிலையை 38 பாகை அளவுக்கு ஏற்றிவிடுவதுண்டு. விவசாயிக்கும் வெயிலில் உழைப்பவருக்கும் வாட்டம் தரும் அதே காற்று, அறுகம் குடாவில் அலையின் முகத்தை வழவழப்பாக்கிக் கொடுக்கிறது.

இரவில் தரை குளிர்வதால் எழும் நிலக்காற்றும் அதிகாலையில் இதனோடு சேர்ந்துகொள்ளும். விடியல் முதல் காலை ஒன்பது, பத்து மணி வரை கடல் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். தரை சூடேறிய பின் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்து அலையைச் சிதைக்கும். மாலையில் அது தணிந்தால் பொழுது சாய்வதற்குள் மீண்டும் ஒரு நல்ல நேரம் கிடைக்கலாம். கச்சான் வலுத்த நாட்களில் நண்பகலிலும் அலை கெடாமல் இருப்பதுண்டு.

பருவங்கள்

மார்ச், ஏப்ரல்: பருவங்களுக்கு இடைப்பட்ட காலம். காற்று மெல்லியது, சுவெல் சிறியது. ஏப்ரல் கடைசியில் முதல் நல்ல அலைகள் தென்படும்.

மே, யூன்: தென்மேற்குப் பருவம் நிலைகொள்ளும். சுவெல்கள் அடுத்தடுத்து வரத் தொடங்கும்.

யூலை, ஓகஸ்ட்: உச்சகாலம். அலை பொதுவாக மூன்று முதல் ஐந்து அடி இருக்கும். பெரிய சுவெலில் ஆறு அடியைத் தாண்டும். கண்டி எசல பெரஹராவும் இக்காலத்திலேயே வருவதால், பெரஹரா பார்த்துவிட்டுக் கிழக்கே இறங்கும் பயணிகளாலும் களத்தில் கூட்டம் மிகும்.

செப்டெம்பர், அக்டோபர்: செப்டெம்பரில் அலை இன்னும் நம்பகமானது, நெரிசல் குறையும். அக்டோபரில் பிற்பகல் இடிமழை தொடங்கிக் காற்று திசை மாறும்.

நவம்பர் முதல் பெப்ரவரி வரை: வடகீழ்ப் பருவம். வாடைக்காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுவதால் கடல் கொந்தளிக்கும், மழையும் வெள்ளமும் வரும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும் இப்பருவத்தில் வந்ததே. இந்த மாதங்களில் அலைச்சறுக்கு தென்மேற்குக் கரையின் இக்கடுவை, வெலிகமை, மிதிகமை பக்கம் இடம்பெயர்ந்துவிடும்.

கடல்நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது. குளிர்தாங்கும் உடை தேவைப்படாது.

அலைமுனைகள்

மெயின் பாயின்ட்: குடாவின் தென்முனையில் உள்ள முதன்மைக் களம். அடியில் பாறையும் பாரும் மணலும் கலந்திருக்கும். தேர்ந்தவர்களுக்கு உரியது. அதன் உட்புறமாகச் சிற்றலை உடையும் பேபி பாயின்டில் புதியவர்கள் பழகுகிறார்கள்.

விஸ்கி பாயின்ட், பொத்துவில் பாயின்ட்: இரண்டும் வடக்கே உள்ளவை. விஸ்கி பாயின்ட் கற்றுக்கொள்பவர்களுக்கும் நடுத்தரத் திறமுள்ளவர்களுக்கும் ஏற்றது. மணற்கரையை ஒட்டி ஓடும் பொத்துவில் பாயின்டில் மிக நீண்ட சவாரி கிடைக்கும், ஆனால் அதற்குச் சற்றுப் பெரிய சுவெல் வேண்டும். இவற்றுக்கும் வடக்கே, கோமாரிப் பக்கம் லைட்ஹவுஸ் பாயின்ட் உள்ளது.

எலிபன்ட் ராக், பீநட் ஃபார்ம்: தெற்கே பாணமை செல்லும் வழியில் உள்ளவை. பீநட் ஃபார்மில் முனை அலையோடு கடற்கரை அலையும் உண்டு.

உகந்தை: பாணமைக்கும் தெற்கே, குமண தேசியப் பூங்காவின் வாயிலில் உள்ள களம். உகந்தைமலை முருகன் ஆலயம் இங்கேயே இருக்கிறது. கதிர்காமப் பாதயாத்திரை அடியார்கள் காட்டுக்குள் நுழையுமுன் தங்கும் இடமும் இதுவே. யாத்திரைக் காலமும் அலைக்காலமும் ஒன்றாக வருவதால், இங்கு வருவோர் ஆலயச் சூழலுக்குரிய ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்.

முன்கணிப்பை வாசிக்கும் முறை

அலை முன்கணிப்பு அட்டவணைகளின் அடித்தளம் அமெரிக்காவின் வேவ்வாட்ச் போன்ற கணினி மாதிரிகள். இவை காற்றுத் தரவிலிருந்து திறந்த கடலின் அலையைக் கணிக்கின்றன. அட்டவணையில் ஐந்து செய்திகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உயரம்: அட்டவணை காட்டுவது திறந்த கடலில் உள்ள அலைகளில் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரி. முனையில் உடையும் அலையின் உயரம் அதிலிருந்து வேறுபடும்.

இடைவெளி: 7, 8 விநாடி என்றால் அருகில் வீசும் காற்று எழுப்பிய சிற்றலை. 13 விநாடிக்கு மேல் என்றால் தொலைவிலிருந்து வந்த நெட்டலை. ஒரே உயரமுள்ள இரண்டில், இடைவெளி நீண்டதே கரையில் உயர்ந்து எழும்.

திசை: தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருவது சிறந்தது. தென்மேற்குச் சுவெலின் பெரும்பங்கைத் தீவின் தென்கரையே மறைத்துவிடும்.

காற்று: மேற்கு, தென்மேற்குக் காற்று நல்லது. கிழக்கு, தென்கிழக்குக் காற்று அலையைக் கெடுக்கும்.

வற்றுப்பெருக்கு: இலங்கையில் நீர்மட்ட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் இங்கு இது முதன்மைக் காரணி அல்ல. ஆனால் வற்று நேரத்தில் பாறைமேல் நீர் மெலிந்து ஆபத்துக் கூடும்.

எடுத்துக்காட்டாக, உயரம் 1.5 மீட்டர், இடைவெளி 15 விநாடி, திசை தெற்கு, காலையில் மெல்லிய மேல்காற்று என்று அட்டவணை சொன்னால் மெயின் பாயின்டில் நல்ல நாள். அதே உயரம், இடைவெளி 8 விநாடி, தென்கிழக்குக் காற்று என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவது மேல்.

உலகளாவிய மாதிரிகளின் கட்டங்கள் அகலமானவை. மலைகளின் உயரத்தை அவை மழுங்கலாகவே காட்டும். ஆகவே கச்சானும் கடற்காற்றும் மோதும் மணிக்கணக்கிலான மாற்றத்தை முழுதாகப் பிடிக்க மாட்டா. இந்தக் குறையை நிரப்ப, வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலைய அவதானிப்புகள் உதவும். கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையிலும் பொத்துவிலிலும் அதன் நிலையங்கள் இயங்குகின்றன. மேற்குச் சரிவுகளில் தென்மேற்கு மழை விடாமல் பெய்து, பொத்துவிலில் வானம் வெளுத்து வெப்பம் ஏறினால், மேல்காற்று மலையைக் கடந்து இறங்குகிறது என்பது உறுதி. கண்டியில் மழை பெய்கிறதே என்று அந்நாளில் கிழக்குப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. அக்டோபர், நவம்பர் மழை வேறு வகை. அது கிழக்கிலும் பெய்யும்.

வரலாறு

1970களிலிருந்து வெளிநாட்டு அலைச்சறுக்கு வீரர்கள் இங்கு வரத் தொடங்கினர். உள்நாட்டுப் போர் வருகையை நெடுங்காலம் கட்டுப்படுத்தியது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை ஊரைச் சிதைத்து, களப்புப் பாலத்தையும் சேதப்படுத்தியது. பின்னர் அமெரிக்க உதவியோடு புதிய பாலம் எழுந்தது. 2009இல் போர் முடிந்த பின் 2010இல் சர்வதேசப் போட்டி நடந்தது. 2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் தகுதிச் சுற்றுப் போட்டியும் இங்கே இடம்பெற்றது. 2018இல் தொடங்கிய அறுகம் குடா பெண்கள் அலைச்சறுக்குக் கழகம், கடலில் இறங்கத் தயங்கிய உள்ளூர்ப் பெண்களை அலைமேல் நிற்க வைத்தது. இவ்வூரின் அண்மைக்கால வரலாற்றில் பெருமைக்குரிய மாற்றம் அது.

பாதுகாப்பு

மெயின் பாயின்டின் பாறைகளும் கடல்முள்ளிகளும் காலைக் கிழிக்கும். முனையை ஒட்டி நீரோட்டம் உண்டு. பாணமை வீதியில் அந்திக்குப் பின் யானைகள் நடமாடும். களப்புகளில் முதலைகள் உள்ளன. தென்கடலின் நெட்டலை சில வேளை உள்ளூர்க் காற்றின் அறிகுறி எதுவுமின்றியே பெருகி வரும். கேரளக் கரையில் கல்லக்கடல் என அறியப்படும் நிகழ்வு இதுவே. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு எச்சரிக்கை விடுக்கிறது. கரையில் வானம் தெளிந்திருக்கிறது என்பதற்காக எச்சரிக்கையைப் புறக்கணிக்கக் கூடாது.

அட்டவணை எதைச் சொன்னாலும், கடலில் இறங்குமுன் உல்லை மீனவரிடமோ உள்ளூர்ப் பயிற்றுநரிடமோ அன்றைய கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். கச்சான் எந்த மணிக்குத் தணியும் என்பதைக் கணினி மாதிரிகளைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள்.