ராபர்ட்ஸை முட்டி போட்டு அடித்தவர்

1983 ஜூன் 25, லார்ட்ஸ். உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியா இரண்டே ரன் எடுத்திருந்தபோது கவாஸ்கர் அவுட். ஆண்டி ராபர்ட்ஸின் பந்து, விக்கெட் கீப்பர் டூஜான் கையில் கேட்ச். ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங் என்று நான்கு வேகப்பந்து வீச்சாளர்கள். ஒருவர் ஓய்ந்தால் அடுத்தவர் வருவார். வேகம் மட்டும் ஓயாது. பந்து பழசாகும் வரை எப்படியாவது தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் அன்றைய கிரிக்கெட் பாடம்.

எதிர்முனையில் நின்ற 23 வயது சென்னை இளைஞருக்கு அந்தப் பாடத்தில் பொறுமை இல்லை. ராபர்ட்ஸை ஹூக் செய்தார், பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. இன்னொரு பந்துக்கு ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, பாயின்ட் பக்கம் ஓர் அடி. ஃபீல்டர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஃபோர். இன்றைக்கும் 83-ஐப் பற்றிப் பேசும் நம்மூர்க்காரர்கள் ரிச்சர்ட்ஸை வெளியேற்றிய கபில்தேவின் கேட்சுக்கு முன்னால் இந்த ஷாட்டைத்தான் சொல்வார்கள்.

கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் அன்று 57 பந்துகளில் 38 ரன் எடுத்தார். ஏழு ஃபோர், ஒரு சிக்ஸர். கூட்டிப் பாருங்கள்: 38-இல் 34 ரன் எல்லைக்கோட்டைத் தாண்டி வந்தது. ஓடி எடுத்தது நான்கே நான்கு. இரு அணிகளின் 22 பேரில் வேறு யாரும் 38-ஐத் தொடவில்லை. விவியன் ரிச்சர்ட்ஸே 33-இல் நின்றுவிட்டார். இந்தியா 183, மேற்கிந்தியத் தீவுகள் 140. வெற்றி 43 ரன்னில். அந்த 38-ஐக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சென்ற வாரம் ஃபரூக் எஞ்சினியரைப் பார்த்தோம். 1967-இல் சேப்பாக்கத்தில், மேற்கிந்திய வேகப்பந்துக்கு எதிராக மதிய உணவுக்கு முன்பே 94 ரன் அடித்தவர். ஆனால் அவர் விதிவிலக்காகவே பார்க்கப்பட்டார். இந்தியத் தொடக்க ஆட்டக்காரருக்கு இலக்கணம் வேறாக இருந்தது. இதே லார்ட்ஸில் 1975 உலகக் கோப்பையில், இங்கிலாந்தின் 334 ரன்னுக்கு எதிராக கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 174 பந்தில் 36 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் திரும்பினார். கவாஸ்கரின் மேதைமையை அந்த ஒரு நாள் குறைத்துவிடாது. ஒருநாள் ஆட்டத்தில் தொடக்க வீரரின் வேலை என்ன என்று நமக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அதைக் கற்றுக்கொடுத்தவர் ஸ்ரீகாந்த்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிகல் படித்தவர். 1981 நவம்பரில் அகமதாபாத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் ஒருநாள் ஆட்டம். இரண்டே நாள் கழித்து பம்பாயில் முதல் டெஸ்ட். அந்த டெஸ்டில் பந்தைத் தட்டிவிட்டு, அது ஃபீல்டர் கையில் இருப்பதை மறந்து, கோட்டை விட்டு வெளியே நடந்தார். ஜான் எம்புரி ஸ்டம்பைச் சாய்த்தார். ரன் அவுட்! அந்த நடையை அவர் கடைசிவரை விடவில்லை. ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் ஸ்கொயர் லெக் பக்கம் ஒரு நடை, சூரியனை ஒரு பார்வை, மூக்கை ஓர் உறிஞ்சு. எண்பதுகளில் தமிழ்நாட்டுத் தெருக்களில் இந்த மூன்றையும் செய்து காட்டாத பையன் இருந்திருக்க மாட்டான்.

கூனிமேட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் டீக்கடையில் உட்கார்ந்து ‘சீக்கா’ என்று ஸ்ரீகாந்தின் செல்லப்பெயரைச் சொல்லிப் பேச்செடுத்தால், ஐம்பது வயது தாண்டியவர்களின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். அவர்கள் பேச்சில் முதலில் வருவது லார்ட்ஸ் இல்லை, ஆஸ்திரேலியா. காரணம் நேரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மரக்காணம் உப்பளங்களில் வரப்பைச் சரிசெய்து பாத்தியை மிதித்துப் பதப்படுத்தத் தொடங்கும் மாதம் ஜனவரி. வேலை விடியுமுன்னே ஆரம்பித்துவிடும். சிட்னியில் முதல் பந்து வீசப்படுவதும் நமக்கு அந்த விடியற்காலையில்தான். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டியவர்களுக்கு, வெயில் ஏறுமுன் ரன் ஏற்றுகிற ஒருவரைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

1986 ஜனவரி 2, சிட்னி டெஸ்ட் அப்படி ஒரு விடியலில்தான் தொடங்கியது. ஸ்ரீகாந்த் 117 பந்தில் 116. மறுமுனையில் கவாஸ்கர். முதல் விக்கெட்டுக்கு இருவரும் 191 ரன் சேர்த்தார்கள். கவாஸ்கர் நிதானமாக 172 வரை போனார், மொகிந்தர் அமர்நாத் 138, இந்தியா நான்கு விக்கெட்டுக்கு 600. ஒரு முனையில் பூட்டு, மறுமுனையில் வெடி. அதற்கு முந்தைய ஆண்டு மெல்போர்னில், பாகிஸ்தானுக்கு எதிரான உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் 67 அடித்து ஆட்ட நாயகன் ஆனார். ரவி சாஸ்திரிக்குக் கிடைத்த ஆடி காரை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறோம். அந்த 67-ஐ மறந்துவிட்டோம். எனக்கு இது ஆறாத வருத்தம்.

சேப்பாக்கம் அவருக்கு மகிழ்ச்சி, வருத்தம் இரண்டையும் கொடுத்தது. 1987 பிப்ரவரியில் இம்ரான் கானின் பாகிஸ்தானுக்கு எதிராக 123, டெஸ்டில் அவருடைய அதிகபட்சம். அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் ஆட்டம். டீன் ஜோன்ஸ் அடித்த ஓர் அடியை முதலில் ஃபோர் என்று அறிவித்தார்கள். அது சிக்ஸர்தான் என்று இடைவேளையில் கபில்தேவ் பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்ள, ஆஸ்திரேலியாவின் 268 ரன் 270 ஆனது. ஸ்ரீகாந்த் 70 அடித்தும் இந்தியா 269-இல் சுருண்டது. ஒரே ரன்னில் தோல்வி.

43 டெஸ்டில் 2062 ரன், சராசரி 29.88, சதம் இரண்டு. 146 ஒருநாள் ஆட்டத்தில் 4091 ரன், சதம் நான்கு. இந்த எண்களைக் காட்டி அவரைச் சிறியவராக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நிதானமாக ஆடியிருந்தால் சராசரி ஏறியிருக்கும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் 15 ஓவர் ஃபீல்டிங் கட்டுப்பாட்டைப் பயன்படுத்தி ஜெயசூர்யாவும் களுவிதாரணவும் 1996-இல் உலகை அதிரவைத்தார்களே, அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே, அந்தச் சலுகை எதுவும் இல்லாமல், பொறுப்பில்லாதவன் என்ற வசவை வாங்கிக்கொண்டு அடித்தவர் இவர். விலையைக் கொடுத்தது அவர். பலனை அனுபவித்தது பின்னால் வந்தவர்கள்.

1989-இல் கேப்டனாக பாகிஸ்தான் போனார். இம்ரான், வாசிம் அக்ரம், கராச்சியில் அறிமுகமான வக்கார் யூனிஸ். அதே ஆட்டத்தில் நம் பக்கம் 16 வயது சச்சின். நான்கு டெஸ்டும் டிரா. 1978-79, 1982-83 பயணங்களில் அங்கே தொடரை இழந்து திரும்பிய நாம், அந்த முறை தோற்காமல் வந்தோம். ஆனால் தொடர் முழுக்க கேப்டனுக்கு ஓர் அரைசதம்கூட வரவில்லை. தலைமையும் போயிற்று, அணியில் இடமும் போயிற்று. இந்தப் பறிப்பு அவசரத்தில் நடந்தது என்பதே என் கருத்து.

திரும்பி வந்தார். 1992 பெர்த், அவருடைய கடைசி டெஸ்ட். அங்கே ஒரே இன்னிங்ஸில் ஐந்து கேட்ச் பிடித்து அன்றைய உலக சாதனையைச் சமன் செய்தார். அடுத்த மாதம் அடிலெய்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக உலகக் கோப்பை ஆட்டம். அதுவே சர்வதேசக் களத்தில் கடைசி முறை.

கூனிமேடு குப்பத்துக் கடற்கரையில் சாயங்காலம் ஆட்டம் நடக்கிறது. டென்னிஸ் பந்து ஈர மணலில் குத்தினால் எழும்பாது, முழங்காலுக்குக் கீழேயே வரும். அதனால் பையன்கள் முட்டியை மடக்கித்தான் அடிக்கிறார்கள். ஓபனிங் இறங்குகிற பையன் குதிகாலால் மணலில் கோடு கிழித்து நிற்கிறான். முதல் பந்துக்கே இறங்கி வருகிறான். யாரும் அவனைத் திட்டவில்லை.

2008-இல் தேர்வுக்குழுத் தலைவரானார் ஸ்ரீகாந்த். 2011-இல் வான்கடேயில் கோப்பையை வென்றது அவருடைய குழு தேர்ந்தெடுத்த அணி. அந்த இறுதி ஆட்டத்தின் தொடக்க வீரர், மூன்று ஆண்டுகள் முன்பு சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 319 அடித்திருந்தார். நஜஃப்கரிலிருந்து வந்த அந்த வீரேந்தர் சேவாக்கின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)