சுழற்கட்டளை வளர்ந்த வரலாறு

ஒரே செயலைப் பன்முறை செய்தல் மனிதனுக்குச் சலிப்பைத் தருவது. பொறிக்கோ அதுவே இயல்பு. ஆயினும், எத்தனை முறை செய்வது, எங்கே நிறுத்துவது என்பவற்றைப் பொறிக்கு உணர்த்துதல் எளிதன்று. கணினி நிரல்களில் இப்பணியைச் செய்யும் பகுதியைச் ‘சுழல்’ என்பர். அதன் வரலாறு, எண்ணும் பொறுப்புக் கைமாறிய வரலாறே ஆகும்.

பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு என்பார், 1804-ஆம் ஆண்டில் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறியை அமைத்தார். சங்கிலிபோற் கோக்கப்பட்ட அட்டைகள் சுற்றிவர, ஒரே கோலம் துணியில் மீண்டும் மீண்டும் அமைந்தது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கும் இத்தகைய அட்டைகளையே கொண்டார். அப்பொறியைப் பற்றி மெனாப்ரியா என்னும் இத்தாலியர் பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை ஏடா லவ்லேஸ் அம்மையார் ஆங்கிலத்தில் பெயர்த்து, தம் குறிப்புகளுடன் 1843-இல் வெளியிட்டார். கட்டுரையினும் குறிப்புகளே நீண்டவை. பெர்னூலி எண்களைக் கணிக்கும் அட்டவணையில், 13 முதல் 23 வரையுள்ள செயல்கள் மீண்டும் நிகழ வேண்டும் என்று குறித்துள்ளார். சுற்றுக்குள் சுற்று அமைவதையும் விளக்கியுள்ளார். பொறி முற்றுப்பெறாமலே 1871-இல் பாபேஜ் மறைந்தார், கருத்தோ மறையவில்லை.

மின்னணுக் கணினிகள் தோன்றிய காலத்தில் சுழல் எழுதுதல் பெருந்தொல்லையாக இருந்தது. வரிசையின் அடுத்த எண்ணை எடுக்க, நிரல் தன் கட்டளையையே திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 1949-இல் மான்செஸ்டர் கணினியில் அமைந்த தனிப் பதிவகம் இத்தொல்லையைக் குறைத்தது. 1957-இல் பேக்கஸ் குழுவினர் உருவாக்கிய ஃபோர்ட்ரான் மொழியில், தொடக்கமும் முடிவும் குறித்துவிட்டால் எண்ணிக்கையை மொழியே பார்த்துக்கொண்டது.

எனினும் அவ்விரண்டையும் குறிப்பவன் மனிதன் அல்லனோ? பத்துக் கம்பங்களை வரிசையாக நட்டால் இடைவெளிகள் ஒன்பதே. பத்தென்று எண்ணுவோர் பலர். நிரலிலும் இவ்வாறு ஒன்று கூடியோ குறைந்தோ போதல் பெருவழக்காயிற்று.

இதற்கு மாற்று யாது? வகுப்பில் வருகை எடுக்கும் ஆசிரியர், எத்தனையாம் பெயர் என்று எண்ணுவதில்லை; பெயரேடு தீரும் வரை அழைக்கிறார். 1970-களில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பார்பரா லிஸ்கோவ் அம்மையார் குழுவினர் அமைத்த ‘க்ளூ’ என்னும் மொழியில் இம்முறை இடம்பெற்றது. தொகுதியே தன் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும். தருவதற்கு ‘இட்டரேட்டர்’ என்று பெயர்.

1991-இல் வெளிவந்த பைத்தான் என்னும் ஸ்கிரிப்ட் மொழியில் இக்கருத்து மெல்ல வளர்ந்தது. ‘தொகுதியின் ஒவ்வோர் உறுப்புக்கும் இதனைச் செய்க’ என்பதே அதன் கட்டளை. ஆனால் தொடக்கத்தில் அது திரைமறைவில் சுழியம், ஒன்று, இரண்டு என்று எண்ணியே உறுப்புகளைக் கேட்டது. 2001-இல் வந்த 2.2 பதிப்பில்தான் தனி இட்டரேட்டர் முறை அமைந்தது. சுழல் ‘அடுத்தது?’ என்று கேட்கும். இட்டரேட்டர் ஒன்றைத் தரும். தீர்ந்ததும் தீர்ந்ததென அறிவிக்கும். அப்பதிப்பிலேயே வந்த ‘ஜெனரேட்டர்’, ஒன்றைத் தந்து, நின்ற இடத்தை நினைவிற் கொண்டு, கேட்கும்போது அங்கிருந்தே தொடரும். இதனால் பெருங்கோப்பையும் முழுதும் நினைவகத்தில் ஏற்றாமல் வரிவரியாகப் படிக்க இயலும்.

நன்மையோடு எச்சரிக்கையும் உண்டு. பட்டியலை எத்தனை முறையும் படிக்கலாம். ஜெனரேட்டரோ ஒரு முறை தீர்ந்தால் மீண்டும் தராது. இரண்டாம் முறை சுழன்றால் பிழையென்றும் கூறாமல் வெறுமையாய் முடியும். முடிவில்லா வரிசையைத் தரும் ஜெனரேட்டரையும் எழுதலாம். அதைக் கேட்கும் சுழலை நிறுத்தும் இடத்தை எழுதுவோனே வகுத்தல் வேண்டும்.

அட்டையினின்று பதிவகத்திற்கும், அதனின்று மொழிக்கும், மொழியினின்று தொகுதிக்கும் எண்ணும் வேலை மாறியது. எங்கே நிறுத்துவது என்று எண்ணிப் பார்க்கும் வேலை மட்டும் மனிதனிடமே நின்றது. மாணவர்க்குச் சுழல் கற்பிப்போர் முதலிற் கற்பிக்க வேண்டியதும் அதுவே.