திருத்தங்கல் வட்டாரத்தில் ஓட்டுநர் பயிற்சி: லாரி கேபினிலிருந்து வகுப்பறைக்கு

திருத்தங்கல், சிவகாசி வட்டாரத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது நெடுங்காலம் தனித் தொழிலாக இருக்கவில்லை. 1920-களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. 1927-இல் விருதுநகர் – தென்காசி ரயில் பாதை திருத்தங்கல் வழியாக வந்தது. 1940-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்குப் பிறகு உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் பெருகின. சரக்கு பெருகப் பெருக லாரிகளும் பெருகின. ஓட்டுநர்கள் உருவானது அந்த லாரிகளிலேயே.

கிளீனராகச் சேர்ந்த பையன் வண்டி கழுவுவான், டயர் மாற்றுவான், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவான், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று ‘வா, வா’ என்று குரல் கொடுப்பான். சில ஆண்டுகள் கழித்து, ஆளரவமற்ற சாலையில் ஸ்டியரிங் அவன் கைக்கு வரும். எஞ்சினின் குணத்தையும் பாதையின் மேடுபள்ளத்தையும் இந்த முறை நன்றாகவே கற்றுக்கொடுத்தது. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் ஓட்டுநரிடம் இருந்த கெட்ட பழக்கங்களும் அப்படியே கைமாறின. ஏற்றியிருக்கும் சரக்கு எப்படிப்பட்டது, அது தீப்பிடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லித்தர யாருக்கும் பொறுப்பில்லை.

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் வந்தது. 1939-ஆம் ஆண்டின் சட்டம் திறன் தேர்வை விரிவாக வகுத்தது. மக்கள் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் ஓட்டிக் காட்டினால் லைசென்ஸ் கிடைத்தது. எங்கே கற்றார், எத்தனை நாள் கற்றார் என்பது பெரிதாகப் பார்க்கப்படவில்லை.

டிரைவிங் ஸ்கூல்களை நாடெங்கும் ஒரே விதிக்குள் கொண்டுவந்தது 1988-ஆம் ஆண்டின் சட்டமும் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும்தான். பயிற்றுநருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 5 ஆண்டு ஓட்டிய அனுபவமும் வேண்டும். வண்டியில் பயிற்றுநர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்க வேண்டும். கரும்பலகை, சாலைக் குறியீட்டுப் படங்கள், போக்குவரத்துக் காவலரின் கைச்சைகைப் படம், பிரித்து வைத்த கியர் பாக்ஸ், பிரேக் டிரம், பஞ்சர் ஒட்டும் சாமான், ஜாக்கி, முதலுதவிப் பெட்டி என்று பள்ளியில் இருக்க வேண்டியவற்றை விதி ஒவ்வொன்றாகச் சொல்கிறது. காருக்குக் குறைந்தது 21 நாளில் 10 மணி நேரம், லாரி, பஸ்ஸுக்கு 30 நாளில் 15 மணி நேரம் ஓட்டக் கற்றுத்தர வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் பயிற்சி தேர்வை மட்டுமே குறிவைத்துச் சுருங்கியது. எட்டுப் போடத் தெரிந்தவருக்கு இரவில் எதிர்விளக்கைச் சமாளிக்கத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்த விதிகளுக்கு முன்பே, தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்காக 1976-இல் தொடங்கிய சாலைப் போக்குவரத்து நிறுவனம் கனரக ஓட்டுநர் பயிற்சியை ஒழுங்கான படிப்பாக்கியது.

பட்டாசு வட்டாரத்துக்கு நேரடியாகப் பொருந்துவது மத்திய விதிகளின் 9-ஆம் விதி. அபாயகரமான சரக்கு ஏற்றும் ஓட்டுநர், போக்குவரத்து வாகன லைசென்ஸோடு 3 நாள் தனிப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என்கிறது அது. முதல் நாள் தற்காப்பு ஓட்டுமுறை: விபத்துக் காரணங்கள், பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம், ரயில்வே கேட், இரவு ஓட்டம். இரண்டாம் நாள், கிளம்புமுன் வண்டியின் அடியிலும் சுற்றிலும் பார்க்க வேண்டியவை, சரிவில் இறங்கும் கியர், பாதுகாப்பாக நிறுத்தும் இடம். மூன்றாம் நாள் முழுவதும் சரக்கைப் பற்றியது: அபாயக் குறியீடுகள், தீப்பற்றும் தன்மை, தீயணைப்பு, முதலுதவி. வெளியூர் போகும் பட்டாசுக்கு மட்டுமல்ல, ஆலைக்கு வரும் வெடியுப்பு, அலுமினியத் தூள் ஆகியவற்றுக்கும் இந்தப் பாடம் தேவை. எழுதப்படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இதில் உண்டு. சரக்கைப் பற்றிய விவரத்தை எழுத்தில் கேபினில் வைத்திருக்க வேண்டும் என்பதால் இது மிகவும் நியாயமான நிபந்தனை. போக்குவரத்து வாகன ஓட்டுநருக்கு இருந்த எட்டாம் வகுப்புக் கட்டுப்பாடு 2019-இல் நீக்கப்பட்டபோதும் இந்தத் தேவை குறைந்துவிடவில்லை.

சாலைப் பாதுகாப்பை மக்களிடம் கொண்டுசென்ற வேலை வேறு வழியில் நடந்தது. 1989 முதல் ஜனவரியில் பாதுகாப்பு வாரம். 2007-இல் தமிழகத்தில் ஹெல்மெட் கட்டாயம். 2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானிய விலையில் ஸ்கூட்டர் தரும் திட்டம் வந்தது. எல்.எல்.ஆர்., லைசென்ஸ் என்ற சொற்கள் பெண்கள் நடுவிலும் அன்றாடப் பேச்சாவதற்கு அது உதவியது.

திருத்தங்கல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்த 2021-இலேயே, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கான விதிகளும் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் காருக்கு 29 மணி நேரமும், கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரமும் பயிற்சி உண்டு, தேறியவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. அபாயச் சரக்கு ஓட்டுநரின் நிலை வேறு. அவருடைய லைசென்ஸ் முன்பு ஓராண்டுக்கே செல்லும். ஒருநாள் நினைவூட்டுப் பயிற்சி முடித்தால்தான் புதுப்பிக்க முடிந்தது. 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அந்தக் காலத்தை மூன்றாண்டாக்கியது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் லாரிகள் நிரம்பிச் செல்லும் சிவகாசிப் பகுதிக்கு, ஆண்டுதோறும் நடந்த அந்த ஒருநாள் வகுப்பே பொருத்தமாக இருந்தது.