ஓட்டுவதா, தொக்குவதா? சித்தூர்–திருப்பதி வட்டாரத்து மிதிவண்டி வரலாற்றுக்கு ஒரு முன்னுரை

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்வரங்கில், சித்தூர் வட்டாரத்தின் மிதிவண்டிக் கடைகளில் வழங்கும் சொற்களைப் பற்றிச் சிறு கட்டுரை ஒன்றை வாசித்தேன். முடிவில் ஒரு கேள்வி எழுந்தது: “இதில் மொழியியல் இருக்கிறது, வரலாறு எங்கே இருக்கிறது? ஆவணம் என்ன?” அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. அதைச் சற்று விரிவாக இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஆவணச் சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது. 1911 ஏப்ரல் 1 அன்று, வட ஆர்க்காட்டிலிருந்து சில வட்டங்களையும் கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகியவற்றையும் சேர்த்துச் சித்தூர் தனி மாவட்டமாக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1 அன்று அது புதிய ஆந்திர மாநிலத்துக்குள் சென்றது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், அதைத் தொடர்ந்த படாஸ்கர் பரிந்துரையும் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்குக் கொண்டுவந்தன. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது. ஒவ்வோர் எல்லை மாற்றத்தின்போதும் கோப்புகள் கைமாறின. நில ஆவணத்துக்கு வாரிசு உண்டு. அதைத் தேடி வழக்கறிஞர் வருவார். மிதிவண்டிக்கு நகராட்சி வரி வாங்கிக்கொண்டு கொடுத்த தகர வில்லையின் பதிவேட்டைத் தேடி யார் வருவார்?

என் தாத்தாவின் வண்டியில் இருந்த அத்தகைய வில்லை ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. எண் பாதி தேய்ந்துவிட்டது. அவர் நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தறிகளிலிருந்து துணிமூட்டைகளைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றவர். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. அவரிடம் நான் சிறுவயதில் கேட்ட சொற்றொடர் “சைக்கிள் மிதிச்சுட்டு வந்தேன்” என்பது. சென்னையில் படிக்கப் போனபோது என் தோழிகள் எல்லோரும் “சைக்கிள் ஓட்டினேன்” என்றுதான் சொன்னார்கள். இந்த வேறுபாடே என் ஆய்வின் தொடக்கம்.

தென்னிந்திய மொழிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். தெலுங்கில் மிதிவண்டியைத் ‘தொக்குவார்கள்’. தொக்கு என்றால் மிதி. கன்னடத்தில் ‘துளி’ என்ற வினை, அதுவும் மிதித்தலே. மலையாளத்தில் ‘சவிட்டும்’ வினை. அதுவும் காலால் மிதிப்பதே. தமிழில் மட்டும் பெருவழக்காக ‘ஓட்டு’ என்கிறோம். ஓட்டு என்பது ஓடு என்பதன் பிறவினை. ஒன்றை ஓடச் செய்தல். மாட்டை ஓட்டினோம், ஏரை ஓட்டினோம், மாட்டுவண்டியை ஓட்டினோம்; பிறகு வந்த மிதிவண்டியையும் பேருந்தையும் அதே வினைக்குள் அடக்கினோம். தெலுங்கு அவ்வாறு அடக்கவில்லை. மாட்டுவண்டிக்குத் ‘தோலு’, காருக்கு ‘நடுப்பு’, சைக்கிளுக்குத் ‘தொக்கு’ என்று வண்டியை நகர்த்தும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதை வினையிலேயே பிரித்துக் காட்டுகிறது.

தமிழுக்கும் இந்தப் பார்வை அயலானது அன்று. யாழ்ப்பாணத்தில் சைக்கிளை ‘உழக்குவார்கள்’. பழைய இலக்கியத்தில் விலங்குகள் சேற்றையும் நீரையும் கலக்கி மிதிப்பதைக் குறித்த வினை அது. இன்று அங்கே பெடலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் ‘மிதி’ பேச்சில் உண்டு, ‘ஓட்டு’க்கு அடுத்த இடத்தில். வேடிக்கை என்னவென்றால், சைக்கிளுக்குத் தனித்தமிழ்ப் பெயர் தேவைப்பட்டபோது நாம் அமைத்துக்கொண்டது ‘மிதிவண்டி’. பேச்சு ‘ஓட்டு’ என்று சொல்ல, கலைச்சொல் அண்டை மொழிகளின் பக்கம் போய் நின்றுகொண்டது.

ஒரு வினையை வைத்து ஒரு சமூகத்தின் மனத்தை அளந்துவிட முடியாது. அப்படி அளப்பவர்களை நம்பவும் கூடாது. நான் சொல்ல வருவது அதைவிடச் சிறிய செய்தி. புதிய பொருள் ஒன்று ஊருக்குள் வரும்போது, அது எந்தப் பழைய பொருளின் அருகில் வைக்கப்படுகிறது என்பதை வினை காட்டுகிறது. ‘ஓட்டு’ மாட்டுவண்டியின் அருகில் வைக்கிறது. ‘மிதி’யும் ‘தொக்கு’ம் ஏற்றத்தின் அருகிலும் தறிக்குழியில் கால் வைக்கும் மிதிபலகையின் அருகிலும் வைக்கின்றன. தறியும் ஏற்றமும் அறிந்த என் தாத்தா ‘மிதி’ என்று சொன்னது தெலுங்கின் தாக்கமா, தொழிலின் நினைவா, தமிழின் பழைய வழக்கா? மூன்றும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். இருமொழிப் பகுதியில் ஒரே காரணத்தைத் தேடுவதுதான் பிழை.

மிதிவண்டி இங்கே வந்த கதைக்கு வருவோம். இரண்டு சமமான சக்கரங்களும் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்ட ‘ரோவர்’ வண்டியை 1885இல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளிக்கொணர்ந்தார். 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் பிரிட்டிஷ் வண்டிகள் இந்தியத் துறைமுகங்களில் குவிந்தன. 1930களில் ஜெர்மானிய, ஜப்பானியப் பொருள்கள் விலையைக் குறைத்தன. வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னல்டு தமது ‘எவ்ரிடே டெக்னாலஜி’ நூலில் சைக்கிள், தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகிய நான்கையும் இந்திய நவீனத்தின் அன்றாடக் கருவிகளாக வைத்துப் பேசுகிறார். அவர் சுட்டும் முக்கியமான உண்மை, இக்கருவிகள் வெளிநாட்டில் பிறந்தாலும் இந்தியத் தெருவில் வேறு வாழ்க்கை பெற்றன என்பது. துரையும் அதிகாரியும் ஏறிய வண்டி, தபால்காரர், பால்காரர், துணி வணிகர் ஆகியோரின் வண்டியானது.

சித்தூருக்கு இம்மாற்றத்தில் ஓர் இடவசதி இருந்தது. 1949இல் முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை அம்பத்தூரில் அமைந்தது. அங்கிருந்து திருவள்ளூர், திருத்தணி வழியாகப் புத்தூர், திருப்பதி. 1953இல் மாநிலம் பிரிந்தது; உதிரிப் பாகம் வரும் வழி பிரியவில்லை. அந்த வழியிலேயே சொற்களும் வந்தன என்பதற்குக் கடைகளே சான்று. பெடல், செயின், ஃபிரீவீல், மட்கார்டு, வால்டியூப், கோட்டர் பின் எல்லாம் ஆங்கிலத்திலிருந்து நேரே வந்தவை. ‘பால் ரேஸ்’ தேய்ந்து ‘பால்ரஸ்’ ஆயிற்று. குண்டு ஓடும் தடத்தின் பெயர் குண்டுக்கே ஆகிவந்தது. ரிம் வளைந்தால் ‘கோட்டம் எடுக்க’ வேண்டும். கோடுதல் என்றால் வளைதல், நல்ல பழந்தமிழ்.

வினைகளைக் கவனியுங்கள். டியூபுக்குத் தமிழர் காற்று ‘அடிக்கிறார்’, தெலுங்கர் காலி ‘கொட்டுகிறார்’, கன்னடர் காளி ‘ஹொடெ’ என்கிறார், மலையாளியும் ‘அடிக்கிறார்’. நான்கிலும் அடித்தல்தான். பஞ்சர் ‘ஆனால்’ பழுது, பஞ்சர் ‘போட்டால்’ பழுதுநீக்கம். இதே முரண் தெலுங்கின் ‘பஞ்சர் வெய்யி’யிலும் அப்படியே இருக்கிறது. ஆக, பழுது பார்க்கும் இடத்தில் மொழிகள் ஒன்றுகின்றன. ஏறிச் செல்லும் இடத்தில் பிரிகின்றன. பழுது பார்த்தல் கடையில், பலமொழிக்காரர் கூடும் இடத்தில் நிகழ்கிறது. வண்டி கற்றல் வீட்டருகே, தாய்மொழியில் நிகழ்கிறது. இது என் கருதுகோள். இதைச் சோதிக்க இருமொழி எல்லையைவிட நல்ல களம் கிடையாது.

கற்றல் என்றதும் யார் கற்றார்கள் என்ற கேள்வி வருகிறது. மேலே நான் சொன்ன அனைவரும் ஆண்கள். என் பாட்டி ஒருநாளும் பெடலில் கால் வைத்தவர் அல்லர். கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்தவர். இங்கே புதுக்கோட்டையை நினைக்காமல் இருக்க முடியாது. 1991–92இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. கல் உடைத்தவர்களும் வேளாண் தொழிலாளர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஏறி மிதித்தார்கள். பி. சாய்நாத் பின்னர் அதைப் பற்றி எழுதியது இன்று பள்ளிப் பாடம் வரை வந்துவிட்டது. அதே தேசிய எழுத்தறிவு இயக்கம், அதே ஆண்டுகளில், சித்தூரை அடுத்த நெல்லூரில் வேறு வழி பிடித்தது. தூபகுண்டாவில் பற்றிய பெண்களின் சாராய எதிர்ப்பு மாநிலம் முழுவதும் பரவி, 1993இல் சாராயத் தடைக்குக் கொண்டுசென்றது.

ஒரே விதை; ஓரிடத்தில் சக்கரமாகவும் மற்றோரிடத்தில் மறியலாகவும் முளைத்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் வட்டாரத்தின் பெண்கள் எப்போது பெடல் தொட்டார்கள் என்பதே நான் இப்போது சேகரித்துவரும் வாய்மொழிச் சான்றுகளின் மையம். தமிழகத்தில் மேனிலைப் பள்ளி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வந்தது. ஆந்திரத்தில் ‘படிகொஸ்தா’, அதாவது ‘பள்ளிக்கு வருவேன்’ என்னும் பெயரில் மாணவியருக்கு வண்டி கொடுத்தார்கள். அரசுத் திட்டம் ஒன்றின் பெயரே தன்மை ஒருமையில், ஒரு சிறுமியின் வாயிலிருந்து வருவதுபோல் அமைந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

கடைசியாக மலை. திருமலை காலின் மலை. அலிபிரியிலிருந்து 3,550 படிகள் என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. முதல் மலைப்பாதைச் சாலை 1944இலும் இரண்டாவது 1974இலும் திறக்கப்பட்டன. அவை மோட்டார் வண்டிக்கான சாலைகள். நடப்பவருக்குப் படி, மோட்டாருக்குச் சாலை என்ற இந்தப் பிரிவில் மிதிவண்டி அடிவாரத்திலேயே நின்றது. அடிவாரத்து வீதிகளில் பூக்கூடையும் பால்கேனும் சுமந்து அது வேறு வகையில் யாத்திரைக்கு உழைத்தது.

இன்று நிலை மாறியிருக்கிறது. பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்கே, 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஹார்ஸ்லி மலையை நோக்கிப் பெங்களூரிலிருந்து கியர் சைக்கிள்களில் ஏறி வருகிறார்கள். 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள் முடிக்கும் ‘பிரவே’ பயணங்கள் தென்னகமெங்கும் நடக்கின்றன. இவர்களைப் பார்த்து ‘பணக்காரர் பொழுதுபோக்கு’ என்று ஒதுக்குவது எளிது. நானும் முதலில் அப்படித்தான் ஒதுக்கினேன். மலைமிதிவண்டிப் பந்தயத்தின் பிறப்பைப் படித்தபின் அந்த எண்ணம் தளர்ந்தது. 1976இல் கலிபோர்னியாவின் டமல்பயஸ் மலையருகே இளைஞர்கள் சிலர் கனத்த, பழைய, கைவிடப்பட்ட வண்டிகளை மண்பாதையில் இறக்கிப் பந்தயம் நடத்தினார்கள். ஒருமுறை இறங்கினால் பின்சக்கரத்து பிரேக்கின் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். மீண்டும் அடைத்தல் என்னும் பொருளில் அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர். இருபது ஆண்டுகளில், 1996 அட்லாண்டாவில், அது ஒலிம்பிக் விளையாட்டாயிற்று. அதன் தொடக்கத்தில் இருந்தது விலையுயர்ந்த வண்டி அன்று. கிரீஸ் படிந்த கை. பால்ரஸ் கழற்றிக் கிரீஸ் வைக்கும் சித்தூர்க் கடைக்காரருக்கு அந்தப் பெயரை விளக்கினேன். “அது நாங்க தெனமும் செய்ற வேலதானேம்மா, அதுக்குப் பேரு வேறயா?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பே ஆய்வரங்கக் கேள்விக்கான பதில் என்று நினைக்கிறேன். செய்கிற வேலைக்குப் பெயர் வைத்தவர்களுக்கு வரலாறு இருக்கிறது. பெயரில்லாமல் தினமும் செய்தவர்களுக்கு வினைகள் மட்டும் இருக்கின்றன. வினைகள் ஆவணமே. ஆனால் ஆவணக் காப்பகம் போல அவை காத்திருப்பதில்லை, பேசுபவரோடு போய்விடும். என் தாத்தா போய்விட்டார். அவர் சொன்ன ‘மிதிச்சுட்டு வந்தேன்’ என்பதை நான் பதிவு செய்யவில்லை; நினைவில் மட்டும் வைத்திருக்கிறேன். மொழியியல் மாணவிக்கு இதைவிடப் பெரிய குற்றம் வேறில்லை.

இதை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருத்தணி, நகரி, புத்தூர், சித்தூர், பலமனேர், காளத்தி, திருப்பதிப் பக்கத்தவர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: சைக்கிளை ஓட்டினார்களா, மிதித்தார்களா, தொக்கினார்களா? யார் கற்றுக்கொடுத்தார்? எந்த மொழியில்? குறிப்பாகப் பாட்டிகளிடமும் அத்தைகளிடமும் கேளுங்கள்; ‘கற்றுக்கொள்ளவில்லை’ என்ற பதிலும் தரவுதான். பேசிய சொல்லை அப்படியே, திருத்தாமல் எழுதி அனுப்புங்கள். கருத்துப் பிழை இருந்தால் துறை அறிந்தவர்கள் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வேன்.