காரின் மின்பூட்டு எவ்வாறு இயங்குகின்றது?

இன்று வீதியில் ஓடும் கார்களிற் பெரும்பாலானவற்றின் கதவுகளைப் பூட்டுவதற்குச் சாவியைத் துவாரத்தில் இட்டுத் திருக வேண்டியதில்லை. பொத்தானொன்றை அழுத்தியதும் எல்லாக் கதவுகளும் ஒருசேரப் பூட்டிக்கொள்கின்றன. நாளாந்தம் பயன்படுத்தும் இவ்வசதி எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிந்தோர் சிலரே. எனினும், பூட்டிய காருக்குள் குழந்தையொன்று அகப்பட்டுக்கொள்ளும் வேளையிலும், பற்றரி செயலிழந்து கதவு திறவாதிருக்கும் வேளையிலும் இந்த அறிவே கைகொடுக்கும்.

அமெரிக்காவின் பெக்கார்ட் நிறுவனம் 1956 ஆம் ஆண்டிலேயே தனது கார்களுக்கு மின்பூட்டை வழங்கியது. தூரத்திலிருந்து பூட்டும் முறை 1982 இல் பிரான்ஸின் ரெனோல்ட் பியூகோ காருடன் அறிமுகமானது. ஆடம்பரமாகக் கருதப்பட்ட இவ்வசதி பின்னர் சாதாரண கார்களுக்கும் பரவியது.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கதவை மூடிய நிலையில் பிடித்து வைத்திருப்பது பூட்டு அல்ல, கொளுவியே. காரின் தூணில் உள்ள உருக்கு வளையத்தைக் கதவின் விளிம்பிலுள்ள நகம் போன்ற கொளுவி பற்றிக்கொள்கின்றது. கைப்பிடியை இழுக்கும்போது அவ்விசை ஒரு கம்பியின் வழியே சென்று கொளுவியை விடுவிக்கின்றது. கைப்பிடிக்கும் கொளுவிக்கும் இடையிலான இத்தொடர்பைத் துண்டிப்பதே பூட்டின் பணியாகும். பூட்டிய கதவின் கைப்பிடி வெறுமனே அசைந்து நிற்பதற்கும் இதுவே காரணம்.

இந்தத் துண்டிப்பைச் செய்வதற்காக ஒவ்வொரு கதவினுள்ளும் சிறிய மோட்டார் ஒன்று உள்ளது. 12 வோல்ட் பற்றரியிலிருந்து நேரோட்டத்தைப் பெற்று அது வேகமாகச் சுழல்கின்றது. பற்சக்கரங்கள் அவ்வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கிப் பூட்டின் நெம்பை நகர்த்துகின்றன. மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையிற் சுழன்று பூட்டைத் திறக்கும். எத்திசையில் மின்னை அனுப்புவது என்பதைக் காரின் கட்டுப்பாட்டுக் கணினி தீர்மானிக்கின்றது. பற்சக்கரம் தேய்ந்தாலோ மோட்டார் பழுதடைந்தாலோ ஒரு கதவு மட்டும் பூட்டாமல் நின்றுவிடும். ஆகவே ஓசையை மாத்திரம் நம்பாது கைப்பிடியை இழுத்துப் பார்த்துச் செல்வது நல்ல பழக்கமாகும்.

கையிலுள்ள தூர இயக்கி ஒரு சிறிய வானொலிப் பரப்பியாகும். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான கார்களில் 315 மெகாஹேர்ட்ஸ் அளவிலான அலைவரிசையும், ஐரோப்பிய கார்களில் 433.92 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையும் பரவலாகப் பயன்படுகின்றன. ஒரே குறியீட்டை எப்போதும் அனுப்பினால் திருடன் அதனைப் பதிவு செய்து மீண்டும் ஒலிபரப்பிவிடலாம். எனவே ஒவ்வோர் அழுத்தத்தின்போதும் குறியீடு மாறும் முறை ஏற்பட்டது. இயக்கியும் காரும் ஒரே கணிப்பைப் பின்பற்றுவதால் அடுத்த குறியீட்டைக் கார் இனங்கண்டுகொள்ளும்.

சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே திறக்கும் புதிய முறையில், கார் அனுப்பும் மெல்லிய சமிக்ஞைக்குச் சாவி தானாகவே பதிலளிக்கின்றது. இதிலும் ஒரு பலவீனம் உண்டு. வீட்டினுள் இருக்கும் சாவிக்கும் வெளியே நிற்கும் காருக்கும் இடையே இருவர் சமிக்ஞையைக் கடத்தினால், சாவி அருகில் இருப்பதாகக் கார் ஏமாந்துவிடும். சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 இல் 10 கார் மாதிரிகளில் இதனைச் செய்து காட்டினர். இரவில் அத்தகைய சாவியை வாசலுக்கு அருகே வைக்காமல், இயலுமாயின் உலோகப் பெட்டியொன்றினுள் மூடி வைப்பது பாதுகாப்பானது.

திருட்டிலும் கொடியது உயிராபத்தாகும். வெயிலில் நிற்கும் மூடிய காரினுள் ஒரு மணித்தியாலத்தில் வெப்பநிலை சராசரியாக 22 பாகை செல்சியஸ் உயர்வதையும், அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணித்தியாலத்திலேயே நிகழ்வதையும் 2005 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. கண்ணாடியைச் சற்றுத் திறந்து வைப்பதாற் பெரிய பயன் கிட்டவில்லை என்பதும் அதில் அறியப்பட்டது. பின்கதவில் பிள்ளைப் பாதுகாப்புப் பூட்டு இடப்பட்டிருந்தால் உள்ளிருந்து அக்கதவைத் திறக்கவும் முடியாது. சில ஐரோப்பிய கார்களில் உள்ள இரட்டைப் பூட்டு உட்கைப்பிடிகள் அனைத்தையும் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே சில நிமிடங்களுக்கேனும் குழந்தையைத் தனியே காரில் விட்டுச் செல்வது தகாது.

மின் தடைப்பட்டாலும் வழி முற்றாக அடைபடுவதில்லை. பொத்தான் சாவிகள் பலவற்றினுள் சிறிய உலோகச் சாவியொன்று மறைந்துள்ளது. அதற்கான துவாரம் சாரதியின் கதவில், சில வேளைகளில் ஒரு மூடியின் கீழ், இருக்கும். கொளுவியையே மின்னால் திறக்கும் சில புதிய கார்களிலும் அவசரத்துக்கெனக் கையால் இழுக்கும் நெம்பு வைக்கப்பட்டுள்ளது. ஆயினும் அது கண்ணிற் படாத இடத்தில் அமைந்திருக்கக் கூடும்.

நம் நாட்டுக்கு இறக்குமதியாகும் பாவித்த ஜப்பானிய கார்கள் பலவற்றின் கைந்நூல் ஜப்பானிய மொழியிலேயே இருப்பதால் இவ்விபரங்கள் உரிமையாளரைச் சென்றடைவதில்லை. காரை வாங்கும் தினத்திலேயே மேற்கூறிய சாவியும் துவாரமும் நெம்பும் எங்குள்ளன என்று கேட்டறிந்து, வீட்டார் அனைவருக்கும் காட்டிவைப்பது அவசியமென நாம் வலியுறுத்துகின்றோம். பூட்டத் தெரிந்த அனைவருக்கும் ஆபத்து வேளையில் திறக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.