தனி ஓநாயும் டெக்சாஸ் எல்லையும்

வெயில் காயும் பாலைநிலம். குதிரைத் திருடர் கூட்டமொன்று மாநிலப் பொலிஸாரை வளைத்துக்கொண்டு ஆரவாரம் செய்கின்றது. அயலிலுள்ள மேட்டில், தாடியும் புழுதியுமாக ஒரு மனிதன் துப்பாக்கியுடன் தனியே காத்திருக்கின்றான். துணைக்கு எவருமில்லை, மேலதிகாரியின் கட்டளையையும் அவன் எதிர்பார்ப்பதில்லை. இறங்கி வருகின்றான், சிறிது நேரத்தில் யாவும் முடிந்துவிடுகின்றன. 1983 ஆம் ஆண்டில் ஸ்டீவ் கார்வரின் நெறியாள்கையில் வெளிவந்த ‘லோன் வுல்ஃப் மெக்குவேட்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் இவ்வாறுதான் தொடங்குகின்றது. ‘லோன் வுல்ஃப்’ என்பது தனி ஓநாய். மெக்குவேட் என்பான் டெக்சாஸ் ரேஞ்சர் படையைச் சேர்ந்த காவலன். வீட்டிலும் ஓநாயொன்றையே துணையாக வளர்ப்பவன்.

மேற்கத்திய எல்லைப்புறக் கதையும் கீழைநாட்டுக் கைப்போர்க் கலையும் இப்படத்தில் ஒன்றாய்க் கலந்தன. அக்கலப்புக்கு முன்வரலாறு உண்டு. யப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவா 1961 இல் எடுத்த ‘யோஜிம்போ’வின் கதையே, 1964 இல் இத்தாலியரான செர்ஜியோ லியோனேயின் கையில் துப்பாக்கி வீரனின் கதையாக உருமாறியது. மெக்குவேட்டாக நடித்த சக் நோரிஸ், 1958 இல் அமெரிக்க விமானப்படையிற் சேர்ந்து, கொரியாவிற் பணியாற்றிய காலத்திலே அந்நாட்டுப் போர்க்கலையைக் கற்றவர். 1972 இல் புரூஸ் லீயின் படமொன்றில், உரோமாபுரியின் பழைய அரங்கிலே அவரோடு மோதியவர். எதிரியாக வரும் டேவிட் கரடைனோ, 1972 முதல் 1975 வரை ‘குங் ஃபூ’ என்னும் தொலைக்காட்சித் தொடரிற் புகழடைந்தவர். அது தொடங்கியபோது அவர் அக்கலையை முறையாகப் பயின்றவரல்லர் என்பது சுவையான செய்தி. இவ்விருவரும் வெறுங்கையோடு பொருதும் இறுதிக் காட்சிக்காகவே படத்தைப் பார்த்தோர் பலர்.

மண்ணுள் வண்டியோடு புதைக்கப்பட்டவன் அவ்வண்டியை முடுக்கியே மேலெழுந்து வரும் காட்சியை நம்புதல் கடினம்; ஆயினும் கண்டோர் எவரும் அதனை மறப்பதில்லை. தனி ஓநாய் என்று பெயர் சூட்டிய படம், தன் நாயகனை முற்றிலும் தனியே விடவுமில்லை. மெக்சிக்க வழிவந்த இளம் பொலிஸ்காரன் ஒருவனை மேலதிகாரி அவனுக்குத் துணையாக்குகின்றார். அத்துணையின்றிக் கதை நகர்வதில்லை.

படம் எல் பாசோ நகரை அண்டிய எல்லைப்புறத்தில் எடுக்கப்பட்டது. அந்நகரருகே ஓடும் ரியோ கிராண்டே ஆற்றின் வழியே கீழே சென்றால், முன்னாளில் போர்வெனீர் என்னும் சிற்றூர் இருந்த இடத்தை அடையலாம். அச்சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் ‘வருங்காலம்’ என்பது பொருள்.

ரேஞ்சர் படை பழமையானது. 1823 இல் குடியேற்றத் தலைவர் ஸ்டீவன் ஆஸ்டின் காவலுக்கென அமர்த்திய பத்துப் பேரை அதன் தொடக்கமாகக் கூறுவர். 1835 இல் அது முறையான படையாயிற்று. பரந்த நிலத்திலே சிலரே காவல் புரிந்தமையால், ஒரு ரேஞ்சரின் தீர்ப்பே பல இடங்களிற் சட்டமாயிற்று. மெக்சிக்கப் புரட்சிக் காலத்தில் எல்லையில் அச்சம் மிகுந்தபோது, அதன் விளைவு கொடிதாயிற்று. 1917 நத்தார் நாளில் பண்ணையொன்று கொள்ளையிடப்பட்டது. போர்வெனீர் மக்கள்மீது ஐயம் விழுந்தது. 1918 ஜனவரி 28 ஆம் நாள் இருட்டிலே, ரேஞ்சர் படையின் ‘பி’ பிரிவினரும் பண்ணைக்காரர் சிலரும் அவ்வூரிற் புகுந்து, ஆடவரும் சிறுவருமாகப் பதினைந்து பேரை ஊர்ப்புறத்துக்குக் கொண்டுசென்று சுட்டுக்கொன்றனர். விசாரணையுமில்லை, குற்றச்சாட்டுமில்லை. பெண்களும் பிள்ளைகளும் ஆற்றைக் கடந்து மெக்சிக்கோவுக்கு ஓடினர். ஊர் அழிந்தது.

நடந்ததை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஹரி வாரன். விடிந்தபின் உடலங்களைக் கண்டு, இன்னார் இன்னார் என அடையாளங் கூறியவர் அவர். இறந்தோருள் அவருடைய மாமனாரும் இருந்தார். படிப்பிக்கப் பிள்ளைகளற்றுப்போன அந்த ஆசிரியர், இறந்தோர் பெயர்களை எழுதிவைத்தார், அவ்வெழுத்து அழியவில்லை. அவ்வாண்டு யூன் மாதத்தில் ஆளுநர் ‘பி’ பிரிவைக் கலைத்து, ஐந்து ரேஞ்சர்களை நீக்கினார். அதன் தலைவனும் பதவி துறந்தான். ஆயினும் எவரும் தண்டனை பெற்றிலர்.

டெக்சாஸ் சட்டசபையில் அன்று மெக்சிக்க வழிவந்த ஒரே உறுப்பினராயிருந்தவர் ஹோசே கனாலெஸ். ரேஞ்சர் ஒருவரின் மிரட்டலையும் பொருட்படுத்தாது, 1919 இல் அவர் அப்படைமீது பத்தொன்பது குற்றச்சாட்டுகளைச் சபையின்முன் வைத்தார். சாட்சியங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களாயின. படை குறைக்கப்பட்டது, சேர்வோரின் தகைமை பற்றிய விதிகள் இறுக்கமாயின. சாட்சிய ஏடுகளோ பல பத்தாண்டுகள் பொதுமக்கள் கைக்கு எட்டாதிருந்தன. உண்மையான துணிவு எதுவென்று கேட்பின், குன்றின்மேல் நின்ற மெக்குவேட்டினும், சபையில் எழுந்து நின்ற கனாலெஸுக்கே அப்பெயர் கூடுதலாகப் பொருந்தும்.

‘தனி ஓநாய்’ என்னும் பட்டம் மெய்யாகவே ஒரு ரேஞ்சருக்கு இருந்தது. ஸ்பெயின் நாட்டுக் காடிஸ் நகரில் 1891 இற் பிறந்த மனுவேல் கொன்சாலஸ் 1920 இல் அப்படையிற் சேர்ந்தார். எண்ணெய் கண்டு திடீரெனப் பெருத்த கில்கோர் நகரிலே, சிறைச்சாலை போதாமையாற் கைதிகளை நீண்ட சங்கிலியொன்றிற் பிணைத்துவைத்த கடுமையாளர் அவர். அவரும் 1933 இல் ஆட்சி மாற்றத்தோடு வேலையிழந்தார். 1935 இல் ரேஞ்சர் படை மாநிலப் பொதுப் பாதுகாப்புத் திணைக்களத்தின்கீழ் வந்தபோது, அதன் துப்பறியும் பிரிவுக்கு அவர் தலைவரானார். துப்பாக்கி ஏந்திய கை, சன்னங்களையும் கையெழுத்துகளையும் ஆராயும் கூடமொன்றை அமைத்தது. ஓநாய் நுணுக்குக்காட்டியை நாடியதைப் படமாக்க எவரும் விரும்பார். 1940 இல் அவர் மீண்டும் ரேஞ்சரானார். அவருக்குத் தலைமை கிடைத்த பிரிவின் பெயர் ‘பி’.

1951 இல் ஓய்வுபெற்றபின் அவர் வானொலிக்கும் திரைக்கும் ஆலோசகராயினார். ரேஞ்சர்களின் வழக்குகளை நாடகமாக்கி அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பிய தொடருக்கும் அவருடைய அறிவு பயன்பட்டது. இவ்வாறு ரேஞ்சரின் புகழ் காற்றிலே பரவிய ஆண்டுகளில், போர்வெனீரின் பெயரை ஒலிபெருக்கியிற் கேட்டவர் இலர். அவர் 1977 இல் மறைந்தார்; ஆறு ஆண்டுகளின்பின் மெக்குவேட் திரையில் தோன்றினான். 1993 முதல் 2001 வரை நோரிஸ் தொலைக்காட்சியிலும் ரேஞ்சராக நடித்தார். 2010 இல் டெக்சாஸ் ஆளுநர் அவருக்குக் கௌரவ ரேஞ்சர் பட்டமளித்தார். போர்வெனீரில் இறந்தோருக்கான நினைவுப் பலகையை மாநிலம் நாட்டியது 2018 இல். கொலைகள் நிகழ்ந்து அப்பொழுது நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.